தொலையாத ஆட்டின் சாட்சி

சபையின் ஆண்டு விழாவை முன்னிட்டு ஞாயிறுக்கு ஒரு மூப்பர் தன் சாட்சியைச் சொல்ல வேண்டும் என்று போதகர் அறிவித்த நாளிலிருந்து லாசரஸுக்குச் சோறு இறங்கவில்லை. சாட்சி என்றால் சும்மாவா? கர்த்தர் தன்னை எந்தப் பள்ளத்திலிருந்து தூக்கிவிட்டார் என்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் ஒரு பள்ளம் வேண்டும். லாசரஸிடம் அது இல்லை.

மற்ற மூப்பர்களுக்குப் பள்ளத்துக்குக் குறைச்சலே இல்லை. மாசிலாமணி குதிரைப் பந்தயத்தில் வீட்டையே தொலைக்கப் பார்த்தவர். சிதம்பரம் ஞானஸ்நானம் எடுத்ததற்காக அப்பாவின் சாவு வீட்டுக்குள் விடப்படாமல் அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்று அழுதவர். லாசரஸோ தொட்டிலிலேயே கிறிஸ்தவர். ஞாயிறு பள்ளி, வாலிபர் சங்கம், பாடகர் குழு, மூப்பர் என்று வரிசையாக ஏறி வந்தவர். பேருந்து டிப்போ ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீடி தொட்டதில்லை, பீர் தொட்டதில்லை. அவர் மனைவி ஜெனிவீவைக் கேட்டால், மனிதர் செய்த பெரிய பாவம் நாறும் டுரியான் பழத்தைச் சரியாக மூடாமல் ஃபிரிட்ஜில் வைப்பதுதான் என்பாள்.

காணாமல் போன ஆட்டைத் தேடி மேய்ப்பன் போன கதை எல்லாருக்கும் தெரியும். மற்ற தொண்ணூற்றொன்பதும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்று யாராவது கேட்டதுண்டா? புல் தின்றுகொண்டிருந்தன. லாசரஸும் அறுபது வயதுக்கு மேலாகியும் புல்தான் தின்றுகொண்டிருந்தார். மார்சிலிங் சந்தையில் மீனுக்கு நிற்கும்போதும், ரயிலில் போகும்போதும் இதே நினைப்பு. தன்னிடம் இருப்பது விசுவாசமா, வெறும் பழக்கமா? தேடப்படாதவனுக்கு மேய்ப்பனின் முகம் எப்படித் தெரியும்? மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவருடைய ஞாயிறும் வந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவதென்றுதான் மேடை ஏறினார். நான்காவது வாக்கியத்திலேயே பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். வாலிபர்கள் போனில் குனிந்திருந்தார்கள். போன வாரம் மாசிலாமணிக்கு இதே சபை விம்மி விம்மி அழுதது. லாசரஸின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"நானும் குடிகாரனாக இருந்தவன்தான்."

தலைகள் நிமிர்ந்தன. அதற்கப்புறம் யார் நிறுத்துவது? காலையில் எழுந்ததும் பாட்டிலைத் தேடியதாகச் சொன்னார். எப்படிக் குடிப்பேன் தெரியுமா என்று இரண்டு கைகளாலும் ஒரு கிளாஸை ஏந்தி உயர்த்துவது போலச் செய்துகாட்டினார். ஒரு நாள் கர்த்தர் கூப்பிட்டார், கிளாஸைக் கீழே வைத்தேன் என்று முடித்தார். சபை அழுதது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நிமிஷம் அவருக்கு இனித்தது. ஜெனிவீவ் மட்டும் மூன்றாவது வரிசையில் கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

ஆராதனை முடிந்து பிரியாணி பரிமாறும்போது பெண்கள் ஜெனிவீவைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை வருஷம் எப்படிப் பொறுத்தீர்கள், அடித்தாரா, பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துத் தடவினார்கள். அவள் தட்டில் இருந்ததைத் தொடவில்லை. ஃபேரர் பார்க்கில் ரயில் ஏறினார்கள். டோபி காட் நிலையத்தில் ரயில் மாறுவதற்காக மின்படியில் ஏறும்போதுதான் திரும்பினாள்.

"எந்த வருஷம் குடிச்சீங்க?"

மேலே வந்ததும் அவரை ஓரமாக நிறுத்தினாள்.

"நான் நல்ல ஆளைக் கட்டிக்கிட்டு நல்லா வாழ்ந்தவ லா. ஒரே காலையில என்னை அடிவாங்கின பொம்பளையா ஆக்கிட்டீங்க. வர்ற மாசம் முதல் ஞாயிறு திருவிருந்து. பாத்திரத்தைத் தொடுறதுக்கு முன்னாடி சபையில உண்மையச் சொல்லிடுங்க. இல்லாட்டி நான் உங்க கையால வாங்க மாட்டேன்."

திருவிருந்தில் போதகர் அப்பம் கொடுப்பார். பாத்திரத்தைப் பிடிப்பது லாசரஸ். அவர்கள் சபையில் மது கிடையாது, திராட்சைச் சாறுதான். ஆனாலும் பாத்திரம் பாத்திரமல்லவா? சொல்லிவிடுவதென்று அன்றே தீர்மானித்துவிட்டார். அவமானம்தான், மூப்பர் பொறுப்பே போனாலும் போகட்டும். ஆனால் அதற்குள் சேவியர் வந்துவிட்டான்.

சேவியர் கப்பல் பட்டறையில் வெல்டர். ராமநாதபுரம் பக்கத்துக்காரன், வந்து ஆறேழு வருஷமிருக்கும். சாட்சி சொன்ன அன்று நண்பன் ஒருவனோடு சபைக்கு வந்தவன், போதகரிடம் லாசரஸின் எண்ணை வாங்கி மறுநாளே அழைத்தான். ஞாயிறு சாயங்காலம்தான் தனக்குக் கண்டம் என்றான். கூட்டாளிகள் குடிக்கச் சேரும் நேரம். அந்த நேரத்தில் மட்டும் பக்கத்தில் இருக்க முடியுமா என்று கேட்டான். எப்படி மறுப்பது? அடுத்த ஞாயிறே ஃபேரர் பார்க் திடலோரம் இருவரும் உட்கார்ந்தார்கள், தே தாரிக் டீயை ஆற்றி ஆற்றி இருட்டும்வரை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. இத்தனை நாளாகத் தொடவில்லை ஐயா என்று சேவியர் சொல்லும்போதெல்லாம் லாசரஸ் டீயை இன்னொரு தரம் ஆற்றுவார். உண்மையைச் சொன்னால் இவன் விழுந்துவிடுவான். இப்போதே சொல்லாவிட்டால் சபையில் வைத்து எல்லாரோடும் சேர்ந்து கேட்பான். அது அதைவிடக் கேவலம்.

திருவிருந்துக்கு முந்தின ஞாயிறு. இனித் தள்ளிப்போட முடியாது. லாசரஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, சேவியர், என் சாட்சியில எதை நீ நம்பினே என்று சுற்றிவளைத்து ஆரம்பித்தார்.

"நீங்க கிளாஸைப் பிடிச்சதைத்தான் ஐயா," என்றான் சேவியர். "எத்தனையோ பேர் குடியைப் பத்தி பிரசங்கம் பண்ணியிருக்காங்க. எல்லாரும் சினிமால வர்ற மாதிரி ஒரு கையால பிடிச்சுக் காட்டுவாங்க. காலைல கை நடுங்குறவன் மட்டும்தான் ரெண்டு கையால பிடிப்பான். நான் அப்படித்தான் பிடிப்பேன். இவருக்குத் தெரியுதுடான்னு அப்பவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

அந்தக் கையசைவு எங்கிருந்து வந்தது என்று லாசரஸுக்கு அப்போதுதான் உறைத்தது. மதுக் கிளாஸ் பிடித்தே அறியாத கைகள் தமக்குத் தெரிந்த ஒரே விதத்தில் அதைப் பிடித்திருக்கின்றன.

"நான் ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்லை தம்பி. நான் காட்டினது திருவிருந்துப் பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி. மேடையில பொய் சொன்னேன். எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லைன்னு வெட்கப்பட்டுப் பொய் சொன்னேன்."

சேவியர் திடலில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டான். கோபப்பட்டிருந்தால்கூட லாசரஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப எனக்குத் துணைக்கு வந்த ஆளே இல்லையா ஐயா?"

எழுந்து போய்விட்டான். லாசரஸ் பின்னாலேயே போனார். ரேஸ் கோர்ஸ் சாலையைக் கடந்து, காய்கறிக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் சேவியரின் நீலச் சட்டையைத் துரத்தினார். அங்கே நீலச் சட்டைக்கா பஞ்சம்? தேக்கா சந்தை அருகே மூன்று பேரின் தோளைத் தொட்டுத் திருப்பி மன்னிப்புக் கேட்டார். ஃபோன் எடுக்கப்படவில்லை. அந்த வாரம் முழுதும் எடுக்கப்படவில்லை.

இத்தனை வருஷம் ஜெபித்தவர்தான். சாப்பாட்டுக்கு முன், பயணத்துக்கு முன், கூட்டத்துக்கு முன், எல்லாவற்றுக்கும் அவரிடம் வாக்கியம் தயாராக இருக்கும். அந்த வாரம் ஒன்றும் வரவில்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, அவனைப் பாரும், அவனைப் பாரும் என்று கெஞ்சியது மட்டும்தான். பதில் வந்ததா என்று கேட்டால் தெரியாது. எதிரே யாரோ இருக்கிற மாதிரிதான் கெஞ்சினார், அது அவருக்கே புதிதாக இருந்தது. ஜெனிவீவ் பார்த்தாள். அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

திருவிருந்து ஞாயிறன்று லாசரஸ் சபைக்கு முன்னால் நின்று சுருக்கமாகச் சொன்னார். நான் குடித்ததில்லை. என் மனைவி ஒருநாளும் என்னிடம் அடிவாங்கியதில்லை. பொய் சொல்லி உங்களை அழவைத்தேன், நம்பி வந்த ஒருவரையும் தொலைத்துவிட்டேன். முணுமுணுப்பு எழுந்தது. மாசிலாமணி தலையைத் திருப்பிக்கொண்டார். போதகர் என்ன நினைத்தாரோ, பாத்திரத்தை எடுத்து லாசரஸின் கையிலேயே கொடுத்தார். சிலர் வரிசையிலிருந்து விலகிப் போய் உட்கார்ந்தார்கள். ஜெனிவீவ் முதல் ஆளாக வந்து அவர் கையால் வாங்கினாள்.

வரிசை தேய்ந்து கடைசி ஆளுக்கு வந்தது. நீலச் சட்டை. சவரம் செய்யாத முகம், சிவந்த கண். எப்போது வந்து பின்னால் உட்கார்ந்தானோ தெரியாது. இந்த ஒரு வாரம் அவன் எங்கே இருந்தான், குடித்தானா இல்லையா, லாசரஸால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பாத்திரத்தை நீட்டினார். சேவியர் இரண்டு கைகளாலும் அவருடைய கைகளின் மேல் பிடித்தான். பாத்திரத்துக்குள் சாறு ததும்பிற்று. ஐயோ, நடுங்குகிறானே என்று லாசரஸுக்கு நெஞ்சு உடைந்தது.

சேவியர் குனிந்து குடித்தான். நிமிர்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"நடுங்குறது என் கை இல்ல ஐயா."

பிடித்த கையை அவன் எடுக்கவில்லை. பாத்திரம் அசையாமல் நிற்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.