இரண்டாவது கைப்பிடி

சவுதியிலிருந்து திரும்பிய சித்தீக், குடவாசல் கடைத்தெருவில் வீடியோ கேம் மெஷின் ஒன்றை இறக்கினாலும் இறக்கினார், எங்கள் செட்டில் நாலாவது ஆள் இருந்தும் இல்லாமல் போனான். நெல் மூட்டை ஏற்ற நாலு பேர் வேண்டும். கீழே இரண்டு பேர் தூக்கிவிடுவார்கள், இரண்டு பேர் சுமப்பார்கள். லாரி வந்து நிற்கையில் ஓர் ஆள் குறைந்தாலும் லோடு அடுத்த செட்டுக்கு. அதுதான் எங்களுக்குள் வழக்கம்.

அன்றைக்கு லாரி களத்துக்குள் திரும்பும்போது துரைராசுவைக் காணோம்.

"டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும்தான் பாப்பேன்" என்றார் மேஸ்திரி குழந்தைராஜ்.

சித்தீக் கடைக்கு ஓடினேன். துரைராசு என் மனைவியின் தம்பி, ஓங்கி ஓர் அறை விடவும் முடியாது.

"மாப்ள, லாரி வந்துடுச்சு. கெளம்புடா!"

"இருங்க மாமா, கடைசித் தெரு. பெரிய ரவுடி வர்ற நேரம்."

திரையில் பனியன் போட்ட ஒருவன் வலது பக்கமாகவே நடந்தான். கடந்த தெருவுக்குத் திரும்ப வழியில்லை. முன்னாலும் பின்னாலும் ரவுடிகள்.

"இதுல என்னடா இருக்கு?"

"அடிக்கிறதுக்கு முன்னாடி அவன் கைய ஓங்குவான் மாமா. நல்லாத் தெரியும். வெலகாதது நம்ம தப்புதான். அதான் அடுத்த தடவ வெலகிடலாம்னு தோணும்."

மழையும் மேட்டூர்த் தண்ணீரும் எங்களுக்கு என்றைக்குக் கை ஓங்கிக் காட்டின? எரிச்சலாக வந்தது.

"அண்ணே, ரெண்டாவது கைப்பிடி சும்மாதானே இருக்கு" என்றார் சித்தீக்.

நாலு பேர் வேலையை எட்டுப் பேர் செய்தால் பாதி நேரத்தில் முடியும். அந்தக் கணக்கில்தான் பிடித்தேன். பிடித்ததும் திரையில் ரவுடிகள் கும்பலாக இறங்கினார்கள்.

"ரெண்டு பேரு ஆடுனா அவனுங்களும் கூட வருவானுங்கண்ணே" என்றார் சித்தீக்.

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியே."

எக்கேடும் கெடட்டும் என்று சும்மா நின்றேன்.

"நடங்க மாமா! நீங்க வராட்டி தெரு நகராது!"

அதையும் எவனோ யோசித்து வைத்திருக்கிறான். வேறு வழியில்லாமல் நடந்தேன், குத்தினேன், உதைத்தேன். பெரிய ரவுடி வந்தான். கை ஓங்கினான். எனக்கும் தெரிந்தது. ஆனாலும் விலகவில்லை.

"என்ன மாமா, அடி பலமோ?"

கேட்டது, வாசலில் பீடி வாங்க வந்து நின்ற காத்தான். அடுத்த செட்டுக்காரன். தோளெல்லாம் நெல் தூசி.

"லோடு?"

"பாதி ஏத்தியாச்சு. ஒங்க ஆளுங்க ரெண்டு பேரும் மரத்தடியில ஒக்காந்து ஒங்க பேரச் சொல்லித்தான் திட்டிக்கிட்டிருக்காங்க. அவன் பேர இல்ல, ஒங்க பேர."

துரைராசுவின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். மேஸ்திரியிடம் நாளைய லாரியையாவது கேட்டு நிற்க வேண்டும். வழியெல்லாம் அவன், பெரிய ரவுடி வரும்போது நான் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று கையைக் காலை ஆட்டி விளக்கிக்கொண்டே வந்தான். வாயை மூடச் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும், "கீழ்ப்பக்கமாவா நிக்கணும்?" என்று நானே கேட்டுத் தொலைத்தேன்.