துணியோரத்தில் அச்சிட்ட முகவரி

உமுவோரா ஊருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் எந்தத் தேசத்தில் பிழைத்தாலும் வருஷா வருஷம் நடக்கும் ஆகஸ்ட் கூட்டத்துக்கு ஊர் வந்து சேர்ந்துவிடுவார்கள். வெளிநாட்டில், அக்ரா நகரத்தில் சவுரிமுடி விற்கும் இகுவோமாவும் வந்திருந்தாள். இந்த முறை கூட்டத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று அவளுக்கு இருந்தது. வரும் சனிக்கிழமை அவள் மகள் முனாச்சிக்குக் கல்யாணம். அந்த ஊர் வழக்கப்படி மணப்பெண் கோப்பையில் கள்ளை ஏந்திக்கொண்டு விருந்தினர் நடுவே நடந்து, மாப்பிள்ளையைத் தேடிக் கொடுக்க வேண்டும். பின்னால் ஊர்ப் பெண்கள் ஒரே மாதிரித் துணி உடுத்தி ஆடி வர வேண்டும். அவர்கள் வராவிட்டால் பெண் தனியாகத்தான் நடப்பாள். ஆயுசுக்கும் அந்தப் பேச்சு ஓயாது.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே ஒன்று கேட்பார்கள்: "என்ன துணி கட்டணும்?" அதைக் கேட்டுவிட்டால் வருகிறார்கள் என்று அர்த்தம். இகுவோமா ஊருக்கு வந்த நாளிலிருந்து காது கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒருத்தியும் கேட்கவில்லை. அக்ராவிலிருந்து சுமந்து வந்த துணிமூட்டை கட்டு அவிழாமல் மூலையில் கிடந்தது.

எல்லாம் போன வருஷத்து விவகாரம். ஊர்ப் பிரசவ விடுதிக்குக் கூரை போடப் பெண்கள் வசூல் செய்தார்கள். வங்கி வழியாக அனுப்பினால் பாதியை வங்கியே தின்றுவிடுகிறது என்று, பொருளாளர் லோலோ எகொந்து தன் கைப்பேசியிலேயே கிரிப்டோ என்ற இணையப் பணத்துக்கு வாலட், அதாவது பணப்பை ஒன்று திறந்துவிட்டாள். ஒவெரியில் சிமெண்டு வியாபாரம் செய்பவள், துணிச்சல்காரி. இகுவோமாவுக்கு மூத்த ஓரகத்தியும் அவள்தான். பணம் அனுப்ப வேண்டிய வாலட் முகவரியை யாரும் மாற்றி ஏமாற்றிவிடக் கூடாதே என்று, அந்த வருஷத்துக் கூட்டத் துணியின் ஓரத்திலேயே அதை அச்சடித்துவிட்டார்கள். பூஜ்யத்தில் தொடங்கி எழுத்தும் எண்ணுமாக நீண்டு, இடுப்பைச் சுற்றி ஓடும் முகவரி. அந்த ஜில்லாவில் வேறு எந்த ஊர்ப் பெண்களுக்கும் தோன்றாத யோசனை. எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை.

முகவரியைப் போட்டார்கள், சரி. எந்தத் தடத்தில் அனுப்ப வேண்டும் என்று போடவில்லை. இந்தப் பணம் ஓடுவதற்கு ஒரு தடம் இல்லை, பல தடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் நெட்வொர்க் என்பார்கள். இகுவோமா சந்தைக்காரி. ஒரே ஊருக்கு இரண்டு வண்டி நின்றால் மலிவான வண்டியில்தான் ஏறுவாள். துணியை மடியில் விரித்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்து, இருப்பதில் மலிவான தடத்தில் அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று அவள் கைப்பேசி சொன்னது. வரவே இல்லை என்று லோலோவின் கைப்பேசி சொன்னது. ரசீதைப் படம் பிடித்து அனுப்பினாள். எதற்கும் போலி செய்து தரும் அபா சந்தையில் அச்சடிக்க முடியாத காகிதம் எது என்று ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். அபராதம் கட்டி, கூட்டத்தின் நடுவில் மன்னிப்புக் கேட்டால்தான் அவள் வீட்டு வாசல் மிதிப்பது என்று முடிவானது. அனுப்பிய பணத்துக்கு நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இகுவோமாவும் முறுக்கிக்கொண்டாள்.

இந்த வருஷம் அக்ரா சந்தையில் பக்கத்துக் கடைக்காரி ஒருத்திக்கு இதே போல் ஆனது. பணம் எங்கும் தொலையவில்லை, சொன்ன முகவரியிலேயே இருக்கிறது, வாங்குகிறவர் வாலட்டில் அந்தத் தடத்தைச் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியும் என்று அவள் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இகுவோமா, கூட்டம் நடந்த மாதாகோவில் மண்டபத்தில் எழுந்து நின்றாள்.

வெளியே தூறல். தட்டில் பச்சைக் கத்திரிக்காயும் தொட்டுக்கொள்ள வேர்க்கடலை விழுதும் கைமாறிக்கொண்டிருந்தன. அவள் சொல்லி முடித்ததும் முன்வரிசையிலிருந்து டோபென்னாவின் அம்மா திரும்பினாள். வாய்க்கு அளவு கிடையாது அவளுக்கு.

"போன வருஷம் காகிதம் காட்டின. இந்த வருஷம் போனுக்குள்ளயே கையை விடப் பாக்கிறியா? உள்ள இருக்கற எங்க பணமும் பறக்கறதுக்கா?"

"என் கையில போன் வேண்டாம்," என்றாள் இகுவோமா. "லோலோ பெரியக்காவே அடிக்கட்டும். என்ன அடிக்கணும்னு நான் சொல்லவும் மாட்டேன். அந்தத் தடத்துக்காரங்க பக்கத்தை உன் போன்லயே திறந்து நீயே படி. நான் இங்கயே நிக்கறேன்."

தன்னையே படிக்கச் சொன்னதும் டோபென்னாவின் அம்மாவுக்கு மறுக்க வழியில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். லோலோ எகொந்து, நெட்வொர்க் சேர் என்ற இடத்தைத் தேடித் தொட்டாள். வெறும் கட்டங்கள் வந்தன. தடத்தின் பெயர் என்ன, அதன் வாசல் எந்த முகவரியில், அதன் எண் என்ன, அதன் காசுக்கு என்ன பெயர்? ஒருத்தி படிக்க ஒருத்தி அடித்தாள். ஒரு புள்ளி தவறியபோது கைப்பேசி ஏற்க மறுத்தது. மறுபடி அடித்தாள். கடைசியில் திரையில் ஒரு வாக்கியம் எழுந்தது. லோலோ அதைச் சத்தமாகவே படித்தாள். தீய நோக்கமுள்ள நெட்வொர்க் உங்களிடம் பொய் சொல்லக்கூடும், நீங்கள் நம்புவதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது அது.

மண்டபத்தில் மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

"போனே சொல்லிடுச்சு பாருங்க," என்றாள் டோபென்னாவின் அம்மா, ஆனால் தாழ்ந்த குரலில்.

லோலோவின் விரல் திரைக்கு மேல் நின்றது. அவள் இகுவோமாவைப் பார்த்தாள். அப்புறம் கதவோரம் நின்ற முனாச்சியைப் பார்த்தாள்.

"இந்தப் பெண் பொறந்தப்ப முதல் தண்ணி ஊத்தினது நான்," என்றாள். "பணம் போனா என் சிமெண்டுக் கடை இருக்கு, வித்துக் குடுக்கறேன்." அழுத்திவிட்டாள்.

வட்டம் ஒன்று சுற்றியது. தடம் சேர்ந்தது. கீழே பளிச்சென்று ஒரு பூஜ்யம்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட இகுவோமா தாங்கியிருப்பாள். முன்னிருந்த நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். கதவோரம் முனாச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோதுதான் இகுவோமாவுக்குப் பொறி தட்டியது. அந்தப் பூஜ்யம் தடத்தின் சொந்தக் காசுக்கான கணக்கு. அவள் அனுப்பியதோ டாலர் விலைக்கு நிகராக நிற்கும் டாலர் காசு. அந்த வண்டியில் ஏறி வந்த பயணி அது. அதைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"அக்கா, இன்னும் ஒண்ணு இருக்கு. டாலர் காசையும் சேக்கணும். அதுக்கும் ஒரு முகவரி உண்டு. அந்தக் காசு போடறவங்க பக்கத்துலயே இருக்கும்."

டோபென்னாவின் அம்மா தேடி எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். லோலோ அடித்தாள். கூரைத் தகரத்தில் தூறல் விழும் சத்தம் கேட்டது.

பூஜ்யத்துக்குக் கீழே இன்னொரு வரி முளைத்தது. போன ஆகஸ்டில் இகுவோமா எந்தத் தொகையைச் சொன்னாளோ, அந்தத் தொகை. ஒரு துளி குறையவில்லை.

லோலோ எகொந்து கைப்பேசியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். பிறந்த குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டாள்.

"என் தலமாட்டுலயே இருந்திருக்கு," என்றாள். "ஒரு வருஷமா இதைத் தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டுத்தான், வரல வரலன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

கைப்பேசி வரிசை வரிசையாகக் கைமாறியது. திரையை யாரும் தொடவில்லை, ஓரத்தைப் பிடித்து வாங்கி ஓரத்தைப் பிடித்தே கொடுத்தார்கள். இந்த மண்டபத்தில் இருந்தவர்கள் பேர் கேட்டிராத தடம் அது. அங்கே இவர்கள் வீடு கட்டவில்லை, கதவு வைக்கவில்லை. ஆனாலும் இவர்கள் முகவரி அங்கே இருந்திருக்கிறது. வந்த பொருளை வாங்கி, கேட்க ஆள் வரும்வரை அப்படியே வைத்திருந்திருக்கிறது. டோபென்னாவின் அம்மா குனிந்து தன் இடுப்புத் துணியின் ஓரத்தைக் கையிலெடுத்தாள். துவைத்துத் துவைத்து மங்கிய எழுத்துகளை விரலால் தடவினாள்.

"ஏன்டி, இதே வீடு இன்னும் எத்தனை தடத்துல இருக்கு நமக்கு?"

"இந்த மாதிரித் தடம் எத்தனை இருக்கோ அத்தனைலயும்," என்றாள் இகுவோமா. "இனிமே யாராவது புதுசாப் போடப்போற தடத்துலயும்."

"நாம போகாத ஊர்லயெல்லாமா?"

"நாம போகாத ஊர்லயெல்லாம்தான்."

அதற்கப்புறம் மண்டபத்தில் பல பெண்கள் தங்கள் துணியோரத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். தாங்கள் இவ்வளவு நாள் எதை உடுத்திக்கொண்டு கிணற்றுக்கும் சந்தைக்கும் போனோம் என்று அப்போதுதான் தெரிந்தாற்போல் இருந்தது அவர்களுக்கு. மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. இகுவோமாவும் எதிர்பார்க்கவில்லை. அவள் காது இன்னும் வேறொன்றுக்காகத்தான் காத்திருந்தது.

கைப்பேசி சுற்றி வந்து லோலோவின் கைக்கே திரும்பியது. அதை மடியில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

"இகுவோமா," என்றாள் அந்த மூத்த ஓரகத்தி. "சனிக்கிழமைக்கு நாங்க என்ன துணி கட்டணும்?"

இகுவோமா மகளைத் தேடிக் கதவோரம் பார்த்தாள். முனாச்சி அங்கே இல்லை. தூறலில் நனைந்தபடி, துணிமூட்டையை எடுத்துவர வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.