வேலைக்குப் போகும் கால்

பெரிய திரையில் இரண்டு தொடைகளின் குறுக்குவெட்டுப் படம் நின்றது. புதிதாக வந்திருந்த மூட்டு ஆராய்ச்சிக் குழுவினருக்கு ஸ்கேன்காரர் அதை விளக்கிக்கொண்டிருந்தார். எலும்பு, மூட்டு, தசை என எல்லா ஆராய்ச்சிக் குழுக்களுக்கும் பொதுவாக இருந்த ஒரே எம்ஆர்ஐ இயந்திரம் அவர் பொறுப்பில். அதைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் அவருக்குப் பசிகூட மறந்துவிடும்.

படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோன்ற படம் இது என்றார். எதிரே நிற்பவருடைய இடது கை நமக்கு வலப்பக்கம் இருப்பதைப் போல, இவருடைய இடது தொடை திரையில் வலப்பக்கம். பிறகு நீருக்கும் கொழுப்புக்கும் வந்தார். காந்தத்துக்குள் இரண்டும் பம்பரமாய்ச் சுற்றும். கொழுப்பு மயிரிழை மெதுவாக. ஒரு கணம் இரண்டும் எதிரெதிராக நிற்கும், அடுத்த கணம் சேர்ந்துகொள்ளும். இரண்டு கணங்களிலும் படம் பிடித்துவிட்டால், வெறும் கூட்டல் கழித்தலில் கொழுப்பைத் தனியே பிரித்துவிடலாம். கறுப்பு தசை, வெள்ளை கொழுப்பு.

அப்போதுதான் ஸ்லாட் அக்கா அடுத்த வாரத்து நேர ஒதுக்கீட்டோடு உள்ளே வந்தாள். யாருக்கு எப்போது இயந்திரம் என்று பங்கு பிரித்துக்கொடுப்பவள் என்பதால் அந்தப் பெயர்.

திரையில் ஒரு தொடை முழுக்கக் கறுப்பு. மற்றது சிறுத்து, உள்ளெல்லாம் வெள்ளைக் கோடுகள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆட்கள் வேண்டுமென்று கட்டடத்திலிருந்தே பிடித்து வந்த பலரில் யாரோ ஒருவர். படத்தின் மூலையில் எண் மட்டும்தான். ஸ்கேன்காரருக்கு நாக்கு அரித்தது.

"ஒரு காலு வீட்டுல சும்மா உக்காந்திருக்கு. இன்னொண்ணுதான் பாவம், வேலைக்குப் போயி ரெண்டுக்கும் சோறு போடுது."

அறை குலுங்கியது. அக்காவும் சிரித்தாள். எல்லோருக்கும் பின்னால், கொஞ்சம் தாமதமாக. பிறகு வெளியே போனாள். வாசலில் ஒரு சின்னப் படி. நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். தசை எப்படி வேலை செய்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், தினமும் அந்தப் படியேறும் காலைப் பார்த்ததே இல்லை. எண்களைக் கொடுப்பவளும் அவள்தான் என்பது அப்புறம் நினைவுக்கு வந்தது. அந்தத் தொடை அவளுடையது, அது அவளுக்கும் தெரியும். மீதி விளக்கத்தில் என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

கூட்டம் கலைந்ததும் அவள் மேசைக்குப் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். ஆனால் வாய் பழக்கப்படி விளக்கத் தொடங்கியது: படத்தில் பெயர் இருக்காது, எண்ணை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

"உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சே தம்பி," என்றாள்.

அவர் கண் மேசைக்கடியில் அவள் காலுக்குப் போய்த் திரும்பியது.

"சின்ன வயசுல மாவுக்கட்டுல கெடந்த காலு. எப்பவோ சரியாப் போச்சுன்னுதான் நெனச்சிருந்தேன். வீட்டுல அவருக்குக்கூடத் தெரியாது." விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "விடுங்க. சிரிப்பு வர்ற மாதிரிதான் சொன்னீங்க."

இயந்திரம் இரண்டு முறையும் ஒரே விடை சொல்கிறதா என்று பார்க்க, அதே ஆட்களை மறுபடியும் ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. அவள் வராமல் இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. தன் நேரத்தைத் தானே ஒதுக்கிக்கொண்டு அவள் வந்தாள். முழங்காலுக்கடியில் தலையணை வைக்கும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் அவள் வெளியே வந்து, அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"கொஞ்சம் காட்டுங்க தம்பி. அன்னிக்கி எல்லாரும் பாத்தாங்க. நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன், சரியாப் பாக்கல."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டி, திரையின் இடப்பக்கத்தில், கறுத்துத் திரண்டிருந்த தொடையின்மேல் விரலை வைத்தாள்.

"இதுதானே என் இடது காலு? நல்லாத்தானே இருக்கு." அவள் குரலில் ஏதோ இளகியது. "அந்தப் பக்கம் கோடு கோடா ஓடுதே, அதான் வேலைக்குப் போற காலா? நரம்பெல்லாம் தெரியுது."

இடம் வலம் மாறித் தெரியும் என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான். அவர் வாயைத் திறந்தார். அவள் விரல் திரையிலேயே இருந்தது. அதைச் சுற்றிக் கண்ணாடியில் மெல்லிய ஆவி படர்ந்திருந்தது.