மாடியில் காய்ந்த சக்கை

நாத்தனார் கொடுத்த காப்பியில் ஒரு வாய் குடித்ததுமே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நனைத்து மறந்துபோன கரித்துணியின் வாடை. வந்த இடத்தில் துப்பவும் முடியாமல் விழுங்கித் தொலைத்தாள்.

“தூள் எங்க வாங்கின?”

“என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க? நம்ம கடையிலதான். நேத்து அண்ணன் அரைச்சுக் கொடுத்தாரு.”

நம்ம கடைத் தூள்! பதினெட்டு வருஷமாகப் பின்கட்டில் காப்பிக்கொட்டை வறுப்பவள் அவள். உருளைக்குள் கொட்டை படபடவென்று வெடிக்கும் சத்தத்தையும் எழும் மணத்தையும் வைத்தே பதம் பார்த்து இறக்குவாள். முன்கடையில் அரைத்து விற்பது கணவர். வீட்டு ஃபில்டருக்கு மட்டும் வறுத்த சூட்டோடு ஒரு பிடி எடுத்து, தானே கைமெஷினில் அரைத்துக்கொள்வாள். அதனால் கடைத் தூள் அவள் நாக்கில் பட்டதே இல்லை.

வீடு திரும்பியதும் நேராக மாடிக்கு ஏறினாள். தொட்டி ஒழுகுகிறது, வழுக்கும், போகாதே என்று கணவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த மாடி. தொட்டியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தார்ப்பாயில் பரப்பிக் கிடந்தது காப்பிச் சக்கை. ஓட்டல்களில் பிழிந்தெடுத்துக் கொட்டுகிற சக்கை, மூலையில் நாலு பெயின்ட் டப்பாவில் இன்னும் ஈரமாகவே இருந்தது. கையை விட்டாள். உள்ளே வெள்ளைப் பூசணம், ஒரு தீக்குச்சி, யாருடையதோ நீள மயிர். கையைப் புடவையில் துடைத்தாள். அப்புறம் அந்தப் புடவையே அருவருப்பாக இருந்தது.

கீழே வந்து கேட்டபோது கணவர் அலட்டிக்கொள்ளவில்லை.

“நாலுல ஒரு பங்குதான். சிக்கரி போடுறதில்லையா, அது மாதிரி.”

“யாரோ குடிச்ச எச்சத்தை, என் வறுவலோட கலக்குறீங்க.”

“யாருக்குத் தெரியுது? எதிர்க்கடைத் தையல்காரரையே கேளு. கண்ணைக் கட்டிவிட்டாலும் உன் கைப்பக்குவம் தெரியும்னு பீத்திக்கிறாரே.”

கேட்டுவிடலாம் என்று அவளுக்கும் வேகம் வந்தது. ஒரு ஃபில்டரில் தன் தூளையும் மற்றொன்றில் கடைத் தூளையும் போட்டாள். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியதும் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றினாள். தையல்காரரைக் கூப்பிட்டு, கலவைச் சங்கதியைச் சொல்லாமல் இரண்டு டம்ளரையும் அவர் முன்னால் வைத்தாள். அவளுடையது நுரையோடு அறை முழுக்க மணத்தது.

அவர் இரண்டையும் உறிஞ்சிப் பார்த்தார். அவளுடையதைத் தள்ளி வைத்தார்.

“இது சும்மா வாசனைதான், தங்கச்சி. இதோ இதுலதான் உன் கை தெரியுது.”

கடைத் தூளின் டம்ளரைக் கவிழ்த்து, அடி நுரையை விரலால் வழித்து நக்கினார். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்றார். கணவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளுக்கு அந்த விரலைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, அந்தத் துண்டைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. இந்த இரண்டு பேருக்காகவா இத்தனை வருஷம் புகையைத் தின்றோம் என்று வெறுப்பு மண்டியது.

மறுநாள் காலை ஆறு கிலோ கொட்டையை உருளையில் கொட்டி அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெடிப்புச் சத்தம் கேட்டுக் கணவர் உள்ளே ஓடி வந்தார்.

“இறக்கலையா?”

“இனிமே நீங்களே இறக்குங்க.”

அவர் உருளையின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். புகை எழும்பியது.

“இப்பவா?” என்று அங்கிருந்தே கேட்டார்.

புகை கறுத்தது.

“சொல்லித் தொலையேன், இப்பவா?”

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.