கதவில் இல்லாத பெயர்

“அம்மா, உன் ரத்தம் வேணும். கொஞ்சம்தான்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று ஸ்டாங்கா தொலைபேசியிலேயே மகளை எச்சரித்திருந்தாள். அப்பாவின் ஆறாம் மாத நினைவுக்கு வா, கல்லறையில் மெழுகுவத்தி ஏற்று, மற்றதையெல்லாம் சோபியா நகரத்திலேயே விட்டுவிட்டு வா என்று.

இப்போது நினைவுப் படையலுக்காக அவித்த கோதுமையில் சர்க்கரையும் அக்ரூட் பொடியும் கலந்துகொண்டே, “படிக்க அனுப்பினேன். ஊசியைத் தூக்கிட்டு வந்து நிக்கிறா,” என்றாள்.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் மகள் ஸ்லாடினா. மனநோய் வம்சத்தில் எப்படி இறங்குகிறது என்று ஆராயும் மருத்துவர்களிடம் வேலை பார்த்தாள். தம்பி லியூபனுக்குக் காதில் குரல்கள் கேட்கும். ஒரு மாத்திரை அவனை ஊதவைத்தது, இன்னொன்று நாளெல்லாம் தூங்கவைத்தது. எது யாருக்குச் சேரும் என்று எவருக்கும் தெரியவில்லை. தெரியவேண்டுமானால் நோயாளியோடு அவன் வீட்டாரின் ரத்தமும் வேண்டும். லியூபன் தன்னுடையதைக் கொடுத்துவிட்டான். ஸ்லாடினா கொடுக்கக் கூடாதென்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மாவின் அண்ணனுக்கும் இதே நோய்தான். ஊருக்குச் சொன்ன கணக்கில் அவர் மாரடைப்பில் போனவர்.

ஊருக்கு லியூபனும் ஸ்பெயினில் தக்காளி பறிக்கிறவன். உண்மையில் ஆஸ்பத்திரியிலிருந்து விடுப்பில் வந்து, மாடியறையில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். விருந்தாளிகள் போகும்வரை இறங்கக் கூடாதென்று உத்தரவு.

“இதால அவனுக்குக் குணமாகுமா?”

“அவனுக்கு ஆகாமப் போகலாம். பின்னால வர்ற பிள்ளைங்களுக்கு ஆகும்.”

“எவளோ பெத்த பிள்ளைக்கு என் வீட்டு மானமா? உன்னை அப்புறம் எவன் கட்டுவான்?”

அப்போது லியூபன் படியிறங்கி வந்தான். விடியற்காலையில் வாசல் கதவைத் திறந்து, அதில் ஒட்டியிருந்த அப்பாவின் நினைவுத்தாளைப் படித்திருக்கிறான். ஊரில் மரங்களிலும் பேருந்து நிறுத்தத்திலும் அதே தாள்தான். படத்துக்குக் கீழே துயருறுவோர்: மனைவி ஸ்டாங்கா, மகள் ஸ்லாடினா. அவ்வளவுதான்.

“அக்கா, உசிரோட இருக்கிறவங்க பேரைத்தானே அழறவங்கள்ல போடுவாங்க? நான் செத்துட்டேன்னு ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?”

கேலியா என்று அவன் முகத்தைப் பார்த்தாள் ஸ்லாடினா. இல்லை, நிஜமாகவே கேட்டான்.

அச்சடிக்கிறவன் விட்டுவிட்டான் என்று ஸ்டாங்கா முணுமுணுத்தாள்.

“நீ சொன்னதைத்தான் அவன் அடிச்சான்,” என்றாள் மகள். சர்க்கரை நோயென்றால் தெருவெல்லாம் சொல்லி அனுதாபம் வாங்குகிறார்கள். மூளைக்கு வந்தால் மட்டும் திரை, பொய், ஸ்பெயின். ரத்தத்தையும் ஒளித்துவைத்துவிட்டு, மருந்து கண்டுபிடிக்கவில்லை என்று மருத்துவரைத் திட்டுகிறார்கள்.

பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கதவை அகலத் திறந்து, தன் பெயருக்குப் பக்கத்தில் ‘மகன் லியூபன்’ என்று அழுத்தி எழுதினாள்.

எதிர்வீட்டுப் பென்கா வேலியோரம் வந்துவிட்டாள். “ஸ்பெயின் வெயில் உன்னைக் கறுக்கவைக்கவே இல்லையே, லியூபன்?”

“ஸ்பெயின் இல்ல அத்தை, மனநல ஆஸ்பத்திரி,” என்றாள் ஸ்லாடினா. பிறகு தம்பியிடம், “ஷூவைப் போடு. முதல்ல அப்பாகிட்ட. அப்புறம் சோபியா. என் ரத்தத்தை நான் கொடுக்கப் போறேன்.”

“சத்தியம் பண்ணியிருக்கே,” என்றாள் உள்ளேயிருந்து அம்மா.

“பண்ணினேன்,” என்றாள் ஸ்லாடினா, தம்பியோடு தெருவில் இறங்கியபடியே.