மாறுதல் எதுவும் இல்லை

"அழுதியாம்மா?" என்று மகள் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, விமான நிலையக் குடிநுழைவு வரிசையில் அவர்களுக்கு முன்னால் இரண்டே குடும்பங்கள் மிச்சமிருந்தன.

"தூக்கமில்ல பாப்பா. கண்ணு எரியுது."

மகள் நம்பிவிட்டாள். ஏழு வயதில் அம்மா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவள் கவலையெல்லாம், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அப்பாவுக்குத் தன்னை அடையாளம் தெரியுமா என்பதுதான். அவர் கிளம்பிப் போனபோது அவளுக்கு மூன்று வயது. அதன்பிறகு அப்பா என்றால் போன் திரையில் தெரியும் முகம்தான்.

ஆறு மணி நேரத்துக்கு முன்னால், வழியில் விமானம் மாறிய ஊரில், போனைப் போட்டதும் போடாததுமாகக் கொழுந்தன் கூப்பிட்டான்.

"அண்ணி, பாப்பா பக்கத்துல இருக்கா? கொஞ்சம் தள்ளி வந்து பேசுங்க."

மகளைப் பெட்டிமேல் உட்காரவைத்துவிட்டு நாலடி தள்ளிப் போனாள்.

"அண்ணன் வேலையில நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க..." அவன் குரல் உடைந்தது. "முடியல அண்ணி. போயிட்டாரு."

எதிர்க் கடையில் ஒருத்தி சென்ட் பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அவளையே பார்த்தபடி, "நான் திரும்பி வந்துடறேன்," என்றாள் இவள்.

அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு, "வந்து?" என்றான்.

அந்த ஒரு சொல் அவள் காதிலேயே தங்கிவிட்டது.

"வந்து என்ன பண்ணுவீங்க? அண்ணன் கூப்பிட்டதாலதான் உங்களுக்கு விசாவே. அவரே இல்லைன்னு தெரிஞ்சா வாசலோட திருப்பி அனுப்பிடுவாங்க. முத்திரை விழுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. பாப்பாகிட்டயும் சொல்லாதீங்க. அது அங்க நின்னு அழுதுச்சுன்னா காரியம் கெட்டுடும். நாளைக்கு எங்க பையனும் அங்க வரணும், இல்லையா?"

அவனுக்குப் பின்னால் எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. "ஏங்க, பீரோவை ஜன்னல் பக்கமே போட்டுடலாமா?" என்று அவன் மனைவி கேட்டாள். வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை என்றான் அவன். இழுபட்டது எந்த அறையில் என்று அவளுக்குத் தெரியும். அவளும் மகளும் இருந்த அறை அது. நேற்றுதான் அதைப் பெருக்கித் துடைத்துச் சாவியை ஒப்படைத்திருந்தாள்.

இப்போது அவர்கள் முறை வந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட அதிகாரி, மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு போனை மேஜைமேல் வைத்தாள். அதிலிருந்து ஒரு பெண் தமிழில் பேசினாள்.

"வணக்கம்க்கா. நான் மொழிபெயர்க்கிறவ. அவங்க கேக்குறதை அப்படியே சொல்லுவேன். உங்களைக் கூட்டிட்டுப் போக யார் வந்திருக்காங்கன்னு கேக்குறாங்க."

அவள் காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதற்குள் மகள் எம்பி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா!"

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அதிகாரி மறுபடியும் சிரித்தாள். காகிதங்களைப் புரட்டினாள். புகைப்படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டாள். பிறகு, எல்லோரிடமும் கேட்டுச் சலித்த குரலில் ஏதோ கேட்டாள்.

"விண்ணப்பம் போட்டதுக்கு அப்புறம் உங்க குடும்பத்துல மாறுதல் ஏதாவது உண்டா? கல்யாணம், விவாகரத்து, பொறப்பு, எறப்பு, இப்படி ஏதாவது?"

அப்பா என்று சொன்னது பிள்ளை. பிள்ளை வாயில் வந்தது பொய்யில்லை. இது அவளே சொல்லவேண்டியது.

"இல்லைங்க."

"எதுவும் இல்லையா?"

"எதுவும் இல்ல."

கையெழுத்துப் போட்டாள். முத்திரை விழுந்தது. கதவைச் சாத்துவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"இன்னையிலேருந்து நீங்க இங்க நிரந்தரமா குடியிருக்கிறவங்க. வாழ்த்துகள் சொல்றாங்க," என்றது போன். பிறகு தன் கணக்கில், "என் வாழ்த்தும்க்கா. எத்தனை வருஷம் தனியா கிடந்திருப்பாரு. அண்ணனைக் கேட்டதா சொல்லுங்க," என்றது.

"சொல்றேன்," என்றாள்.

பெட்டிகளை எடுக்கும்போது போன் அதிர்ந்தது. கொழுந்தன்தான். 'ஆச்சா?' என்று கேட்டிருந்தான். அவள் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெளியே ஒரு தாடிக்காரர் நின்றிருந்தார். குளிர்பதனக் கிடங்கில் கணவனோடு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். போனில் பார்த்த முகம். அவர் வாயைத் திறக்குமுன் அவள் தலையை அசைத்தாள்.

"தெரியும்ண்ணே. பாப்பாவுக்குத் தெரியாது."

தோளில் ஏறியிருந்த பாரத்தில் பாதியை யாரோ இறக்கிவைத்ததுபோல அவர் மூச்சுவிட்டார்.

"அப்பா எங்க மாமா?" என்றாள் மகள்.

"வேலை பாப்பா. வர முடியல."

"இன்னைக்குமா?"

அவர் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். கார் நிறுத்துமிடத்தில் மகள் காதுக்கு எட்டாத தூரத்தில் இருந்தபோது தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆம்புலன்ஸ்ல நான்தாம்மா கூட இருந்தேன். கார் சாவி சட்டைப் பையில இருக்கு, எடுத்துக்கோ, ஏர்போர்ட்டுக்கு லேட்டாயிடக் கூடாதுன்னான். அதுதான் அவன் கடைசியா பேசினது."

"எங்க வச்சிருக்காங்க?"

"ஆஸ்பத்திரியிலதான். எப்ப வேணா போய்ப் பாக்கலாம். அவசரமில்ல." சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே உறைத்தது. தாடியைத் தடவிக்கொண்டார்.

கூரைக்கு வெளியே காற்று ஊசியாகக் குத்தியது. அவர் காரின் பின்கதவைத் திறந்து ஒரு பெரிய பையை எடுத்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் கோட்டு. போன மாசமே வாங்கிட்டான். யாரையும் தொடக்கூட விடல."

அவளுடையது அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. மகளுடையது சிவப்பு, மார்பில் ஒரு முயல். மகள் கைகளை நுழைத்தாள். கோட்டின் கை முழங்கையைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

"அய்யே! இது குட்டிப் பாப்பா கோட்டு!" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் இவ்ளோ வளந்தது தெரியலையா அவருக்கு? வீட்டுக்குப் போனதும் இருக்கு அப்பாவுக்கு!"

தாடிக்காரர் சுத்தமாக இருந்த முன்கண்ணாடியைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

அவள் மகளுக்கு எதிரே முழங்காலிட்டு ஜிப்பைக் கோர்த்து மேலே இழுத்தாள். அது வயிற்றுக்கு மேல் ஏறவில்லை. அதற்கு மேலிருந்த இரண்டு விளிம்புகளையும் கையால் சேர்த்து, காற்று புகாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.