மேல்வீட்டுத் தூக்கம்

முதல் ஊரடங்கின் இருபத்து மூன்றாம் நாள் பிற்பகல், பருத்திப்பட்டு ஏரிக்கரை அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்த பவ்யாவின் தூக்கம் ஒழுகி, நேர் கீழே பக்தவத்சலத்தின் படுக்கையறையில் சொட்டத் தொடங்கியது. இளஞ்சூடு, அரிசி கழுவிய தண்ணீரின் நிறம், வாசனை கிடையாது. முதல் சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. மறுநாள் காபி நேரத்துக்குத்தான் கண்ணைத் திறந்தார்.

மனிதர் பாவம், ஏங்கிப்போயிருந்தார். ஆவடித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் மூன்று ஷிப்டும் பார்த்த உடம்பு அது. சங்கு ஊதினால் எழும், சங்கு ஊதினால் படுக்கும். ஓய்வு பெற்ற பிறகும் காற்றுவாக்கில் வந்த சங்கை வைத்துத்தான் காலத்தை ஓட்டினார். ஊரடங்கில் சங்கும் வாயை மூடிக்கொண்டது. இருபத்து மூன்று நாள் பொட்டுத் தூக்கமில்லை.

மேலே பவ்யா, சேலத்துப் பெண், கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸ் நேரே அவள் படுக்கையறைக்கு வந்து கட்டிலில் காலை நீட்டிவிட்டது. பகலெல்லாம் உள்ளூர் மீட்டிங், ராவெல்லாம் அமெரிக்கா மீட்டிங். படுக்க இடமில்லாத தூக்கம் தரையில் தேங்கியது. பில்டர் டைல்ஸ் போட்ட லட்சணத்துக்கு அது கீழே இறங்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

தூக்கத்தைக் காணோம் என்று அவள் அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினாள். செயலாளர் ஸ்ரீகாந்த் விதிமுறையை எடுத்துப் போட்டார்: ஒழுகல் எதுவானாலும் கீழ்வீட்டுக்காரர்தான் புகார் தர வேண்டும். அவள் முகக்கவசத்தோடு இறங்கி வந்தாள். "அங்கிள், உங்க வீட்ல எங்கயாச்சும் ஒழுகுதா?"

"இன்னாமா ஒழுகுது? ஒண்ணியும் இல்லியே" என்றார் பக்தவத்சலம். அன்று சாயங்காலமே கறை தெரியாமலிருக்கக் கூரைக்கு வெள்ளை அடித்தார். பச்சைப்பொய்! இரண்டு மாதம் ராஜாவாகத் தூங்கினார், கன்னம்கூட உப்பிவிட்டது.

மேலே அந்தப் பெண் உருகிக்கொண்டிருந்தாள். பாலென்று நினைத்துத் தோசை மாவைக் காய்ச்சினாள். ஒருநாள் மத்தியானம் மாடி மாறி வந்து, பக்தவத்சலத்தின் கதவில் தன் சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "என் வீடே என்னை உள்ள விட மாட்டேங்குது அங்கிள்."

அவரது மனைவி ஞானம்மாள் அவளை உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "வயசுப் பொண்ணு தூக்கத்த முழுங்கிட்டு கொறட்ட வுட்டுனு கீறியே, வெக்கமா இல்ல உனக்கு?" வெட்கமாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது, அந்த இருபத்து மூன்று நாளை நினைத்து. ஆனாலும் கட்டிலை ஓரமாக இழுத்துப் போட்டு, சொட்டும் இடத்தில் வாளியை வைத்தார். புகாரும் எழுதிக் கொடுத்தார்.

சங்கம் புகாரை விடவில்லை. குழு அமைத்தது, குழுவை ஆராய இன்னொரு குழு அமைத்தது. இரண்டாம் அலை வந்தது, போனது, முகக்கவசங்கள் குப்பைக்குப் போயின, பவ்யாவின் ஆபீஸ் மட்டும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பக்தவத்சலம் தினமும் மூன்று மணிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். அவள் மீட்டிங்கில் தன் படத்தை அணைத்துவிட்டு, தலையில் ஊற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கினாள். அந்த வருஷமே பதவி உயர்வு கொடுத்தார்கள், கூட்டங்களில் நிதானமாக இருக்கிறாளாம். ஒருமுறை வாளி லிப்ட்டில் சிந்தி வாட்ச்மேன் துலுக்கானம் இரண்டு நாள் தூங்கினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் 'தூக்க வாளிக்கு மூடி கட்டாயம்' என்று ஸ்ரீகாந்த் நோட்டீஸ் ஒட்டினார். இன்றும் இருக்கிறது.

வாளி மேலே போன முதல் நாளே அதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு பவ்யா அவரிடம் நீட்டினாள். "இது உங்களுக்கு அங்கிள். வெள்ளை அடிச்ச கூலி." அவர் தலை நிமிரவில்லை. வாங்கிக்கொண்டார். அன்று முதல் தினம் ஒரு டம்ளர்.

தொழிற்சாலைச் சங்கு மறுபடி ஊத ஆரம்பித்துப் பல வருஷமாகிறதாம். ஞானம்மாள்தான் சொல்கிறாள். அது ஊதும்போது அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.